சிட்டர்னின் காந்தாரம்

ஐரிஷ், ஸ்காட்டிஷ் நாட்டார் இசைக்குழுக்களின் மேடைகளில் வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் பைக்குழலுக்கும் இடையே, பேரிக்காய் வடிவ உடலும் இரண்டிரண்டாகப் பூட்டப்பட்ட பத்து உலோகத் தந்திகளும் கொண்ட ஒரு கருவி தென்படுவதுண்டு. அதன் பெயர் சிட்டர்ன். இதே பெயருடைய கருவியொன்று முதலாம் எலிசபெத் காலத்து இங்கிலாந்திலும் இருந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகமொன்றில் அதன் செதுக்கப்பட்ட தலைப்பகுதி கேலிக்குப் பயன்படுகிறது. இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்து வைப்போர், கெல்டிய மக்களின் தொன்மையான கருவியொன்று நானூறு ஆண்டுகளாக இடையறாது வாசிக்கப்பட்டு வருகிறது என்னும் முடிவுக்கு எளிதில் வந்துவிடுவர். கருவி விற்பனைக் குறிப்புகளும் இசைவட்டு உறைகளும் இந்த முடிவை ஊக்குவிக்கவே செய்கின்றன. ஆனால் கருவியின் தந்திகளை வெறுமனே, மெட்டுகளில் விரல் வைக்காமல், ஒருமுறை மீட்டிக் கேட்டால் இம்முடிவு நிலைக்காது. பெயர் ஒரு வரலாற்றைச் சொல்கிறது. சுருதி வேறொன்றைச் சொல்கிறது. உடலோ மூன்றாவது ஒன்றைச் சொல்கிறது.

முதலில் பெயர். கிரேக்கக் 'கிதாரா' என்னும் சொல் இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளில் பரவியபோது கிதார், சிதர், சிட்டர்ன் முதலிய பல வடிவங்களைப் பெற்றது. இவை ஒரு சொல்லின் கிளைகள். ஒரு கருவியின் கிளைகள் அல்ல. நம் நாட்டு மாணவர்கள் சிலர் சிட்டர்னையும் சிதாரையும் ஒலியொப்புமை கொண்டு உறவாக்குவதுண்டு. சிதார் என்பது மூன்று தந்தி என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. இங்கு ஒற்றுமை செவிக்கு மட்டுமே உரியது. இசைக்கருவி வரலாற்றில் பெயரைச் சான்றாகக் கொள்வதில் உள்ள இடர் இந்தச் சிறு செய்தியிலேயே விளங்கும்.

16ஆம் நூற்றாண்டு இத்தாலியிலும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் வாசிக்கப்பட்ட சிட்டர்ன், பித்தளை, இரும்புக் கம்பிகள் பூட்டப்பட்ட சிறு கருவி. பறவை இறகின் தண்டால் மீட்டப்பட்டது. குடல்நரம்பு பூட்டிய லூட் கருவியைப் போல ஈரக்காற்றில் அது எளிதில் சுருதி தளர்வதில்லை, விலையும் குறைவு. ஆகவே ஆங்கிலேய நாவிதர் கடைகளின் சுவரில் அது தொங்கியது. முறைக்குக் காத்திருப்போர் எடுத்து மீட்டினர். அதே கருவி கற்றோர் அவையிலும் இடம்பெற்றது. ஆந்தனி ஹோல்போர்ன் 1597இலும் தாமஸ் ராபின்சன் 1609இலும் சிட்டர்னுக்கெனப் பயிற்சி நூல்கள் வெளியிட்டனர். தாமஸ் மார்லி 1599இல் வெளியிட்ட கலவைக் குழு இசைத்தொகுப்பில் சிட்டர்னுக்குத் தனிப்பகுதி உண்டு. நாவிதர் கடைக்கும் அவைக்கும் பொதுவான கருவி என்பதே அதன் சமூக வரலாற்றின் சுவையான பகுதி.

அதன் சுருதியமைப்பு விந்தையானது. நான்கு தந்தி இணைகள். இங்கிலாந்தில் வழங்கிய முறையில், நான்காம் இணையிலிருந்து எண்ணினால், பி–ஜி–டி–ஈ. ஜியைச் சட்ஜமாகக் கொண்டால் இது க–ஸ–ப–த ஆகும். நான்காவது தந்தியே மிகத் தாழ்ந்த ஒலி தரவேண்டும் என்று எதிர்பார்க்கும் கைக்கு இங்கே ஏமாற்றம்: மூன்றாவதே தாழ்ந்தது; நான்காவது அதைவிட ஒரு காந்தாரம் உயர்ந்து நிற்கிறது. தந்திகள் ஏறுவரிசையில் அமையாத இம்முறையால் கையெட்டும் சிறு பரப்பிலேயே செறிவான இசைவுகள் கிடைத்தன. குழுவில் தாளத்தைத் தாங்கும் பணிக்கு அது பொருத்தம். வெறுந்தந்தியிலேயே காந்தாரம் ஒலிக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பிரெஞ்சு முறையில் அவ்விடத்தில் ரிஷபம் நின்றது என்பதும் உண்மை. ஆனால் கெல்டிய நிலங்களுக்கு அண்டைவழியாக எட்டியிருக்கக்கூடியது ஆங்கில முறையே. ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதியில் 17ஆம் நூற்றாண்டின் கற்ற இல்லங்களில் சிட்டர்ன் அறியப்பட்டிருந்ததற்குச் சுவடிச் சான்று உண்டு. அங்கு அது படித்தோர் தாமே மகிழ வாசித்த கருவி. கெய்லிக் மொழி பேசிய மேட்டுநில மக்களின் கருவியன்று. அவர்களுக்கும் அயர்லாந்து மக்களுக்கும் உரிய உலோகத் தந்திக் கருவி யாழ்வகையான ஹார்ப்பே.

1666இல் ஜான் பிளேஃபோர்டு ஒரு சிட்டர்ன் நூலை வெளியிட்டார். அதற்குப் பின் அக்கருவி மெல்ல வழக்கிழந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அதே குடும்பச் சாயலுடன் வேறொரு கருவி தோன்றியது. ஆங்கிலக் கிதார் என்று இன்று வரலாற்றாசிரியர் அதைக் குறிக்கின்றனர்; அக்காலத்தவர் வெறுமனே கிதார் என்றனர். ராபர்ட் பிரெம்னர் 1758இல் எடின்பரோவில் அதற்குப் பயிற்சி நூல் வெளியிட்டார்; இத்தாலியரான ஜெமினியானியின் நூல் 1760இல் அதே நகரிலிருந்து வந்தது. டப்ளினிலும் அதைச் செய்யும் வினைஞர் இருந்தனர். ஸ்காட்டிஷ் நாட்டார் மெட்டுகள் இதற்கென எழுதிப் பதிப்பிக்கப்பட்டன. கெல்டிய நிலங்களில் சிட்டர்ன் குடும்பக் கருவியொன்று நாட்டார் மெட்டுகளைத் தொட்டதற்கு இதுவே வலுவான பழஞ்சான்று. எனினும் தொட்ட கைகள் பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பெண்களுடையவை. நாட்டியக் களத்தின் வயலின் கலைஞருடையவை அல்ல.

அதன் பத்துத் தந்திகள் ஆறு வரிசைகளாக நின்றன: தாழ்ந்த இரண்டும் ஒற்றைத் தந்திகள், மேலுள்ள நான்கும் இணைகள். சுருதி சி–ஈ–ஜி–சி–ஈ–ஜி, அதாவது ஸ–க–ப, ஸ–க–ப. கருவியை எடுத்து இறுதிவரை தடவினாலே ஒரு முழுமையான மேஜர் இசைவு கேட்கும். கற்பது மிக எளிது. சில வாரங்களில் பாட்டுக்குத் துணையாகிவிடும். இந்த எளிமையே அதன் புகழுக்குக் காரணம். இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி இதுபற்றி ஒரு கதை சொல்கிறார். சீமாட்டிகள் ஹார்ப்சிகார்டை விற்றுவிட்டுக் கிதாரை நாடியதால் நொடித்துப்போகவிருந்த ஹார்ப்சிகார்டு வினைஞர் கிர்க்மன், மலிவான கிதார்களை வாங்கித் தெருப்பாடகருக்கும் கடைப்பெண்களுக்கும் வழங்கினாராம். தெருவில் ஒலித்த கருவியைத் தொடச் சீமாட்டிகள் நாணினராம். கதை எவ்வளவு உண்மையோ, ஒரு கருவியின் மதிப்பு அதை யார் வாசிக்கிறார் என்பதால் எவ்வாறு ஏறி இறங்கியது என்பதற்கு நல்ல விளக்கம்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆறு தந்திகள் கொண்ட ஸ்பானியக் கிதார் அதன் இடத்தைப் பிடித்தது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சிட்டர்ன் வரலாறு அங்கே அறுந்துபோகிறது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி. ஆசிரியர் மாணவர் தொடர்ச்சி இல்லை. வாய்மொழி மரபு இல்லை. அருங்காட்சியகப் பேழைகளில் மரம் மட்டும் எஞ்சியது.

இடைவெளிக்குப் பின் வந்த சிட்டர்ன் எதிலிருந்து வந்தது? விடை டப்ளினில் தொடங்குகிறது. ஆனால் அங்கு முதலில் வந்து சேர்ந்தது கிரேக்கக் கருவி.

1960களின் நடுவில் ஸ்வீனீஸ் மென் குழுவின் ஜானி மொய்னிஹன், நான்கு இணைத் தந்திகள் கொண்ட கிரேக்க பூசூக்கியை ஐரிஷ் இசைக்குள் கொணர்ந்தார். கிரேக்கர் அதைச் சி–எஃப்–ஏ–டி எனச் சுருதி கூட்டுவர். மொய்னிஹன் அதை விடுத்து ஜி–டி–ஏ–டி எனக் கூட்டினார். தம் மாண்டலினில் அவர் முன்பே பழகியிருந்த சுருதி அது. டியைச் சட்ஜமாகக் கொண்டால் இவ்வமைப்பு ம–ஸ–ப–ஸ. காந்தாரம் இல்லை.

இந்த ஒற்றை இன்மையில்தான் செய்தி இருக்கிறது. ஐரிஷ் நாட்டிய இசை அடிப்படையில் ஒற்றை மெட்டிசை. எல்லாக் கருவிகளும் ஒரே மெட்டை வாசிக்கும். ஒவ்வொருவரும் தத்தம் அணிகளைச் சேர்ப்பர். பைக்குழலின் ஒத்து மட்டுமே அதன் பழைய துணையொலி. நம் நாகசுர ஒத்து போன்றே அது ஆதார சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஐரிஷ் இலன் பைக்குழல் இன்று பெரும்பாலும் டியையே ஆதாரமாகக் கொண்டது. அந்த ஆதாரத்தின் மேல் வரும் மெட்டுகளில் ஒரு பகுதி சங்கராபரணத்தின் சுரங்களைக் கொண்டவை. மற்றொரு பெரும்பகுதி ஹரிகாம்போதிக்கும் கரகரப்பிரியாவுக்கும் இணையான சுரவரிசைகளில் நடப்பவை. சில மெட்டுகளில் நிஷாதம் ஒருமுறை ஏறியும் மறுமுறை இறங்கியும் ஒலிக்கும்; காந்தாரமே வராத மெட்டுகளும் உண்டு. இத்தகைய இசைக்கு ஸ–க–ப இசைவைப் பின்னணியாக வைத்தால், மெட்டு தானே முடிவு செய்யாத ஒன்றைப் பக்கவாத்தியம் முடிவு செய்துவிடுகிறது. 1920களில் நியூயார்க்கில் பதிவான ஸ்லைகோ வயலின் மேதை மைக்கேல் கோல்மனின் தட்டுகளைக் கேட்போர் இதை உடனே உணர்வர். வயலின் ஒரு பாதையில் செல்ல, பின்னணிப் பியானோ தன் மேஜர் இசைவுகளால் அதை வேறு பாதைக்கு இழுப்பது சில தட்டுகளில் வேதனையாகவே ஒலிக்கிறது. பியானோ கலைஞரைக் குறை கூறிப் பயனில்லை. அவர் கற்ற இசையிலக்கணத்தில் காந்தாரமின்றி இசைவு இல்லை.

ம–ஸ–ப–ஸ அச்சிக்கலை அவிழ்த்தது. வெறுந்தந்திகளில் மத்திமமும் பஞ்சமமும் இருமுறை சட்ஜமும் உள்ளன. டி, ஜி, ஏ ஆகிய மூன்று ஆதாரங்களுக்கும் ஒன்றிரண்டு விரல்களை வைத்தாலே ஸ–ப இணைப்புக் கிடைக்கிறது. எஞ்சிய தந்திகள் ஒத்துப்போல ஒலித்துக்கொண்டே இருக்கும். காந்தாரம் வேண்டுமெனில் விரலால் வரவழைக்கலாம். வேண்டாதபோது அது குறுக்கிடாது. மாண்டலினுக்கும் வயலினுக்கும் உரிய ஜி–டி–ஏ–ஈ சுருதியில் முதல் தந்தி ரிஷபமாகி டி ஆதாரத்தோடு உரசும். ஈயை டிக்கு இறக்கியதால் அவ்வுரசல் நீங்கியது. இறக்கம் ஒரு முழுச்சுரம்தான். மெட்டு வாசிப்போருக்கு அது இழப்பு: வயலினில் பழகிய விரலமைப்பு முதல் தந்தியில் பயன்படாது, மேல்சுரங்களுக்குக் கை நகர வேண்டும். பக்கவாத்தியக்காரருக்கு அது ஆதாயம். மெட்டே முதன்மை என்று கருதுவோர் இன்றும் ஜி–டி–ஏ–ஈ முறையையே விரும்புகின்றனர். டி டனன் குழுவின் அலெக் ஃபின், மூன்று இணைகள் மட்டுமே கொண்ட பழைய கிரேக்க பூசூக்கியை டி–ஏ–டி எனவே வைத்துக்கொண்டார். அதுவும் ஸ–ப–ஸ, தம்பூராவின் தர்க்கம்.

1972இல் உருவான பிளாங்க்ஸ்டி குழுவில் ஆண்டி இர்வினும் டோனல் லன்னியும் இச்சுருதிக்கு ஓர் இலக்கணம் வகுத்தனர் எனலாம். அவர்கள் இசைவுகளைத் தட்டிக்கொண்டிருக்கவில்லை; மெட்டுக்கு எதிர்மெட்டு நெய்தனர். ஒருவர் கீழிறங்கும்போது மற்றவர் ஏறுவார். நடுவே வெறுந்தந்தி அதிரும். லன்னி இடக்கைப் பழக்கமுடையவர். தந்திகளை மாற்றிப் பூட்டினார். அதோடு கிரேக்க மரபில் தாழ்ந்த இணைகளில் ஒரு தந்தி ஒரு ஸ்தாயி உயர்ந்து ஒலிப்பதை விடுத்து, இரண்டையும் ஒரே ஒலியில் கூட்டினார். ஒலி தடித்தது, இடைக்குரல் எங்கே கீழ்க்குரல் எங்கே என்பது தெளிந்தது. 1970இல் ஆங்கில வினைஞர் பீட்டர் அப்நெட் அவருக்கென உருண்டை முதுகைக் கைவிட்டு நேர்விளிம்புடன் ஒரு கருவி செய்தார். ஐரிஷ் பூசூக்கி என்று இன்று வழங்குவதன் தொடக்கம் அது.

தாளத்தின் பங்கும் இதில் உண்டு. ரீல் நடையில் பிளெக்ட்ரம் கீழும் மேலுமாகச் சீராக ஓடும். ஜிக் நடையில் ஆறு அசைகள் மூன்று மூன்றாகப் பிரியும். ஒவ்வொரு மூன்றின் முதல் அசையும் கீழ்வீச்சாக விழ வேண்டுமென்பது பரவலான வழக்கம். கீழ்–மேல்–கீழ், மீண்டும் கீழ்–மேல்–கீழ். இரண்டு கீழ்வீச்சுகள் அடுத்தடுத்து வரும் அந்த இடத்தில்தான் புதியவரின் கை தடுமாறும். அங்கேதான் ஜிக்கின் துள்ளலும் பிறக்கிறது.

இனி உடல். வடகிழக்கு இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தைச் சேர்ந்த வினைஞர் ஸ்டெஃபான் சோபெல், 1960களில் லீட்ஸ் நகரில் பழம்பொருள் கடையொன்றில் ஒரு போர்த்துகீசியக் கித்தாராவை வாங்கினார். பூசூக்கிக்கு மலிவான மாற்றாக அதைப் பயன்படுத்துவதே நோக்கம். அதன் கழுத்தையும் விரற்பலகையையும் நீக்கிப் புதியன பொருத்தினார். 1970களின் தொடக்கத்தில் அந்த உடல் வடிவத்தையும், வளைவாகச் செதுக்கிய மேற்பலகை கொண்ட அமெரிக்கக் கிதார்களின் செய்முறையையும் இணைத்துத் தாமே ஒரு கருவியை உருவாக்கினார். அதற்குச் சிட்டர்ன் என்று பெயரிட்டார். கெல்டிய நாட்டார் இசையில் இன்று அப்பெயர் வழங்குவதற்கு முதற்காரணம் அவரே.

அந்தக் கித்தாரா எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வரலாறு ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய வணிகர் நிறைந்திருந்த போர்த்துகல் துறைமுக நகரான போர்ட்டோவுக்கு ஆங்கிலக் கிதார் சென்றது. 1790களின் நடுவில் சில்வா லெய்ட் அந்நகரில் வெளியிட்ட கிதார் நூல் அதற்குச் சான்று. லண்டன் வினைஞர் ஜான் பிரஸ்டன் பெயரால் அறியப்படும், கடிகாரச் சாவியால் திருகும் சுருதிப்பொறி, ஆங்கிலக் கிதாரோடு பிரிட்டனில் மறைந்துவிட்டது. அதன் வழிவந்த விசிறி வடிவப் பொறியோ லிஸ்பன் ஃபாடோ பாடகரின் பின்னால் இன்றும் இயங்குகிறது. கித்தாராவின் மூலம் ஆங்கிலக் கிதாரா, ஐபீரியாவில் முன்பே இருந்த சிட்டர்னா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எந்தப் பக்கம் நின்றாலும் சிட்டர்ன் குடும்பத்துக்கு வெளியே போக இடமில்லை. எனவே சோபெலின் கருவியுடல் உண்மையாகவே சிட்டர்ன் வழிவந்தது. ஆனால் அவ்வழி அயர்லாந்தின் கிராமங்கள் வழியாகவோ ஸ்காட்லாந்தின் மேட்டுநிலம் வழியாகவோ செல்லவில்லை. போர்த்துகல் சென்று லீட்ஸ் நகரக் கடைவழியே திரும்பியது. கழுத்தோடு கித்தாராவின் சுருதி கழற்றப்பட்டது. அவ்விடத்தில் மொய்னிஹன் வழிவந்த சுருதி ஏறியது.

எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த 'மரபின் உருவாக்கம்' என்னும் நூலைப் படித்த மாணவர், இதையும் புனையப்பட்ட மரபு என்று ஒரே சொல்லில் முடித்துவிட விரும்பலாம். அந்நூலிலேயே ஸ்காட்டிஷ் மேட்டுநில மரபு பற்றிய டிரெவர்–ரோப்பரின் கட்டுரை இருப்பதால் அந்த ஈர்ப்பு இயல்பானது. 'கெல்டிய' என்னும் அடைமொழியும் இதற்குத் துணைபோகும். எட்வர்ட் லூயிட் 1707இல் அச்சொல்லை ஒரு மொழிக்குடும்பத்தின் பெயராக நிறுவினார்; 1971இல் பிரித்தானியின் லோரியாங் நகரில் தொடங்கிய விழாவும் அவ்வாண்டில் வெளிவந்த ஆலன் ஸ்டிவெலின் ஹார்ப் இசைத்தட்டும் அதை ஓர் இசைவகையின் பெயராகப் பரப்பின. ஆயினும் இங்கே புனைவு என்ற சொல் தவறான இடத்தில் விழுகிறது. மொய்னிஹனோ லன்னியோ தங்கள் கருவி தொன்மையானது என்று கூறிக்கொள்ளவில்லை. அது கிரேக்கத்திலிருந்து வந்தது என்பது அனைவருக்கும் தெரிந்தே இருந்தது. தொன்மை பின்னர் பெயரின் வழியாகத் தானே வந்து ஒட்டியது. அத்தொன்மையை ஏற்பவர் இழப்பது ஒன்றுண்டு: பத்தாண்டுக் காலத்தில், பெயர் தெரிந்த ஐந்தாறு மனிதர், பழைய மெட்டொன்றுக்கு எத்தகைய துணையொலி பொருந்தும் என்னும் கேள்விக்கு ஒரு தந்தியை ஒரு சுரம் இறக்கி விடை கண்ட செயல். அது ஆவணமுள்ள வரலாறு. நானூறு ஆண்டு மரபு என்றவுடன் அச்செயலுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது.

புதுமை என்பதற்கு மற்றொரு சான்று, இச்சுருதி இன்னும் உறையவில்லை என்பது. நான்கு இணைகளுக்கு ஜி–டி–ஏ–டி ஓரளவு நிலைபெற்றுவிட்டது. சிட்டர்னை பூசூக்கியிலிருந்து பிரிப்பதாகப் பலர் கருதும் ஐந்தாம் இணைக்கோ பொது ஒப்புதல் இல்லை. சிலர் கீழே ஒரு டியைச் சேர்த்து டி–ஜி–டி–ஏ–டி என்பர்: ஸ–ம–ஸ–ப–ஸ. பாட்டுக்குத் துணைபோவோருக்கு இது உகந்தது. சிலர் மேலே ஓர் ஏயைச் சேர்த்து ஜி–டி–ஏ–டி–ஏ என்பர். இறக்கிய தந்தியால் இழந்த மேல்சுரங்களை மெட்டு வாசிப்போர் இவ்வாறு மீட்டுக்கொள்கின்றனர். இரண்டையும் ஒரே கருவியில் விருப்பம்போல் மாற்றிக்கொள்ள முடியாது. எஃகுத் தந்தி எந்த ஒலியில் அறும் என்பது அதன் தடிமனைப் பொறுத்ததன்று, நீளத்தைப் பொறுத்தது. ஏறத்தாழ 53 செ.மீ. நீளத்தில் மேல் ஏயைத் தாங்கும் கம்பி, பூசூக்கிக்கு உரிய 65 செ.மீ. நீளத்தில் அவ்வொலியை எட்டுமுன் அறுந்துவிடும். நீளம் குறைந்தாலோ கீழ் டி தளர்ந்து முழக்கமிழக்கும். ஆகவே எந்தச் சுருதி வேண்டும் என்பது தெரியாமல் வினைஞர் கழுத்தின் நீளத்தை அளக்கவே தொடங்க இயலாது.